ஈரமும் உப்புக்காற்றும் பாடத்தில் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உள்ளரங்க வடிவமைப்புப் படிப்பில், கும்பகோணத்துப் பழைய வீடுகளின் முற்றம் வெப்பக்காற்றை மேலேற்றி வெளியேற்றும் முறைக்கும் உரிய இடம் அளிக்க வேண்டும். ஐப்பசி அடைமழையில் ஜிப்சம் உட்கூரை பூஞ்சை பிடிப்பதையும், நாகப்பட்டினத்து உப்புக்காற்றில் கீல்கள் துருவேறி அலமாரிக் கதவுகள் தொங்குவதையும் கண்டுவரும் நமக்கு, ஈரம்படும் இடங்களுக்கு ஐ.எஸ். 710 (நீர் தாங்கும் ‘மரைன்’ பிளைவுட்டுக்கான இந்தியத் தரக்குறியீடு) தரப் பிளைவுட்டைக் கேட்டு வாங்கச் சொல்லும் வடிவமைப்பாளர்களே தேவை.

விடுதிகளின் ஸ்பா அறைகளிலோ, எண்ணெய் சிந்தும் தரையில் பளபளக்கும் கிரானைட்டைப் பதித்துவிட்டு (அழகுக்காகவாம்!), வழுக்காதிருக்க அதன்மேல் ரப்பர் விரிப்பைப் போடுகிறார்கள். சொரசொரப்பான கல்லும், நீர் வடியச் சரியான வாட்டமும், ஆவி வெளியேற வழியும் அமைந்த பிறகு விளக்கலங்காரத்தைப் பற்றி யோசிக்கலாம். தைக்கால் ஊரின் பிரம்புப் பட்டறைகளிலும் தஞ்சை மரச்சிற்பக் கூடங்களிலும் மாணவர்கள் ஒரு பருவமேனும் பயிற்சி பெறக் கல்லூரிகள் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

ஒரு வாசகர், மயிலாடுதுறை.