கொசுவும் கருத்தடையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொசுவால் பரவும் ஜிகா வைரஸ் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் பேச்சு கொசு மருந்தோடு நின்றுவிடுகிறது. உடலுறவாலும் அது பரவும், கர்ப்பத்தில் தொற்றினால் குழந்தை சிறிய தலையோடு பிறக்கலாம் என்பதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் இன்னும் மோசம். ஆணுறை என்று வாயெடுத்தாலே பேச்சு முடிந்தது.

கிராம சுகாதார செவிலியராக உசிலம்பட்டிப் பக்கம் வேலை பார்த்தவள் நான். தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் புழு தேடிக்கொண்டிருப்பேன், வீட்டு மருமகள் அடுக்களைப் பக்கம் இழுத்துப் போய், "நர்சம்மா, மாத்திரை போட்டால் பாவமா?" என்று காதோடு கேட்பாள். மாமியார் காதில் விழக்கூடாது, பங்குச் சாமியாரிடமோ கேட்கவே முடியாது!

1968-இல் திருச்சபைக்கு எழுதிய சுற்றுமடலில் திருத்தந்தை (போப்) ஆறாம் பவுல் செயற்கைக் கருத்தடையை மறுத்தார், சரி. ஆனால் நோய்க்கான சிகிச்சையால் கருத்தரிப்பு தடைப்பட்டால், தடுப்பதே நோக்கமாக இல்லாதவரை தவறில்லை என்றும் அதே மடலில் இருக்கிறது. 2016 பிப்ரவரியில், மெக்சிகோவிலிருந்து திரும்பும் விமானத்தில் ஜிகா பற்றிக் கேட்டபோது திருத்தந்தை பிரான்சிஸ் கருக்கலைப்பைக் குற்றம் என்றார். கருத்தரிப்பைத் தவிர்ப்பது முழுமுற்றான தீமை அல்ல என்றும் சொன்னார். போதனையே மாறிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை.

திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் பெண் மருத்துவரையும் குருவையும் சேர்த்து உட்காரவைத்து இதைப் பேச வேண்டும். மாப்பிள்ளைகளும் கட்டாயம் இருக்கட்டும். நான் பார்த்த ஒரு வகுப்பில் டீ குடிக்கப் போனவர்கள் திரும்பவே இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், மதுரை