எழுத்தாளர் வட்டத்தின் ஆண்டறிக்கை: ஆனி ஒன்றுகூடலும் தொகுப்பு நூல் வெளியீடும்

தலைவர் அவர்களுக்கும், காலபோக அறுவடை முடித்த கையோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழமையான விடயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதாந்தக் கூட்டம் 10 தடவை கூடியது. கார்த்திகையிலும் மார்கழியிலும் குளங்கள் நிரம்பி வான் பாய்ந்து பாதை மூடியதால் கூட முடியவில்லை. இப்போது உறுப்பினர் 31 பேர். புதிதாகச் சேர்ந்த ஆறு பேரில் நான்கு பேர் பெண்கள். கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இனித் தொகுப்புக்கு வருகிறேன். இந்த ஆண்டு எங்கள் நேரமெல்லாம் அதற்குத்தான் போனது.

ஆடி மாதக் கூட்டத்தில் அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யை எடுத்துப் பேசினோம். 1973 இல் வந்த நாவல், தண்ணிமுறிப்பில் நடக்கிற கதை. ஒட்டுசுட்டானில் இருந்து வந்த உயர்தர மாணவி ஒருத்தி, "எங்கட பக்கத்து ஊர்ப் பெயர் நாவலில இருக்குமெண்டு நான் நினைக்கேல்ல" என்றாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நாங்கள் எழுதுவதை நாங்களே அச்சில் கொண்டுவர வேண்டும் என்ற முடிவு அன்று மாலையே எடுக்கப்பட்டது.

24 பேர் எழுதித் தந்தார்கள். பாமினி எழுத்துருவில் வந்தவை ஒன்பது, யூனிகோடில் ஆறு, கையெழுத்தில் ஏழு. மற்ற இரண்டும் வட்ஸ்அப்பில் குரலாகவே வந்தன, கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்தோம். பாமினியை யூனிகோடுக்கு மாற்றியபோது கொம்பு ஒரு பக்கமும் அரவு ஒரு பக்கமுமாகப் பிரிந்து நின்றன. மூன்று முறை மெய்ப்புப் பார்த்தோம். அதற்காக இரவில் கண்விழித்த இளைய உறுப்பினர்கள் மூவருக்கும் இந்தச் சபை கைதட்ட வேண்டும் என்று கேட்கிறேன்.

விசுவமடுவில் இருந்து ஓர் அம்மா தந்த கொப்பியைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. அந்தக் கதையை அவர் 2009 இறுதிப் போருக்கு முன்னரே எழுதியிருந்தார். இடம்பெயரும்போது பொலித்தீனில் சுற்றிக் குசினிக்குப் பின்னால் தாட்டுவிட்டுப் போனாராம். செட்டிகுளம் முகாமில் இருந்து ஊர் திரும்பித் தோண்டியபோது கறையான் அதை மண்ணாக்கியிருந்தது. நினைவில் இருந்ததை வைத்துத் திரும்ப எழுதினார். கொப்பியின் முன்பக்கம் கதை, பின்பக்கத்தில் இருந்து பால் கணக்கும் நெல்மூடைக் கணக்கும். இரண்டும் நடுவில் வந்து சந்திக்கின்றன. ஒரு வரியை மட்டும் மூன்று தடவை எழுதி, மூன்று தடவை வெட்டி, நாலாம் தடவை அப்படியே விட்டிருக்கிறார். அந்த வரியில் நாங்கள் ஓர் எழுத்தும் மாற்றவில்லை.

சொற்களைப் பற்றிப் பதிப்புக் குழுவில் கடும் வாக்குவாதம் நடந்தது. சூடடிப்பைப் பற்றிய கட்டுரை ஒன்றில் 'பொலி' என்று வந்த இடமெல்லாம் 'நெல்' என்று திருத்தப்பட்டிருந்தது. எழுதியவர் மெய்ப்பைப் பார்த்துவிட்டு முத்தையன்கட்டில் இருந்து மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். "களத்தில நெல்லெண்டு சொல்லுற ஆள் ஆர்?" என்று கேட்டார். அவர் கேட்டது சரி. களத்தில் குவிந்திருக்கும்போது அது பொலிதான், வீட்டுக்கு வந்த பிறகுதான் நெல். எல்லா இடத்திலும் பழையபடி மாற்றினோம். வட்டாரச் சொல்லுக்கு அடிக்குறிப்புப் போடுவதில்லை என்றும் அன்று தீர்மானித்தோம். கதையே அந்தச் சொல்லை விளங்கவைக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நூல் 176 பக்கம், அதாவது 16 பக்கம் கொண்ட 11 பாரம். 300 பிரதி. தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் விண்ணப்பித்து 13 இலக்கச் சர்வதேச நியம நூல் எண் (ISBN) பெற்றுவிட்டோம். 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய மின்னூலகத்துக்கும் ஒரு பிரதி கொடுப்போம். தாட்டு வைத்து இழந்தவர்கள் நாங்கள், இரண்டாவது இடத்திலும் ஒன்று இருக்கட்டும்.

2022 பொருளாதார நெருக்கடியில் ஏறிய கடதாசி விலை பழைய நிலைக்கு இறங்கவில்லை. அச்சுச் செலவு 1,80,000 ரூபா. எழுதியவர்கள் ஆளுக்கு 2,000 வீதம் 48,000 தந்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் முன்னாள் உறுப்பினர் ஒருவர் 60,000 அனுப்பினார், தன் படம் நூலில் வரக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு. மிச்சம் 72,000. முன்பதிவு விலை 800 ரூபா, இதுவரை 45 பிரதிகளுக்குப் பணம் வந்திருக்கிறது. இன்னும் 45 பிரதி பதிவானால் கடனில்லாமல் வெளியே வருவோம்.

வெளியீடு கிளிநொச்சியில் நடக்கவுள்ள மாவட்ட இலக்கிய மாநாட்டோடு. முதலில் வைகாசியில் நாள் தந்தார்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் ஒரு பக்கம், மே 18 முள்ளிவாய்க்கால் நினைவுநாள் இன்னொரு பக்கம். அந்த மாதத்தில் எங்கள் ஆட்களுக்கு மேடையேற மனம் வராது என்று விளக்கினோம். ஏற்பாட்டுக் குழு ஆனிக்கு மாற்றியது, நன்றி. சிறுபோக அறுவடைக்கும் அது இடைஞ்சல் இல்லை.

நேரம்தான் பெரிய பிரச்சினையாக இருந்தது. முதல் நிரலில் எங்களுக்கு 40 நிமிடம், அதற்குள் ஏழு வாழ்த்துரை. எழுதிய 24 பேரும் சபையில் இருந்து கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தலைவரும் நானும் இரண்டு தடவை போய்ப் பேசினோம். இப்போது சனிக்கிழமை பிற்பகல் 2 மணியில் இருந்து இரண்டு மணித்தியாலம் கிடைத்திருக்கிறது. விளக்கேற்றல், அகவணக்கம், நன்றியுரை எல்லாம் 13 நிமிடம். வெளியீட்டுரை 10, மதிப்பீட்டுரை 20, ஏற்புரை 5. மீதி 72 நிமிடமும் எழுதியவர்களுக்கு. ஒவ்வொருவரும் மேடைக்கு வந்து தன் எழுத்தில் இருந்து 3 நிமிடம் வாசிப்பார். வாழ்த்துரை இல்லை. முதற்பிரதியை விசுவமடு அம்மா பெற்றுக்கொள்வார். இதில் சிலருக்கு மனவருத்தம் இருப்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம் என்று சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

வெளியீடு முடிந்ததும் அதே மண்டபத்தில் ஒன்றுகூடல், பிளேன்ரீயும் வடையும் இருக்கும். மன்னார், வவுனியாவில் எழுதுகிறவர்களையும் அழைத்திருக்கிறோம். மாலை ஐந்தரைக்கு முடித்தே ஆகவேண்டும். துணுக்காய், நெடுங்கேணிப் பக்கம் போகிறவர்களுக்கு அதற்குப் பிறகு பஸ் பிடிப்பது கஷ்டம், இருட்டினால் வழியில் யானை நிற்கும். இரண்டு வான் பேசியிருக்கிறோம். ஒன்று மாங்குளத்தால் ஒட்டுசுட்டான், நெடுங்கேணிக்கு, மற்றது மல்லாவி, துணுக்காய்க்கு. இடம் வேண்டியவர்கள் இன்றே பெயர் தாருங்கள்.

வாசிப்பு ஒத்திகை வைகாசி கடைசி ஞாயிறு காலை 9 மணிக்கு, இதே சனசமூக நிலையத்தில். மணிக்கூட்டை மேசையில் வைத்துத்தான் வாசிப்போம், மூக்குக்கண்ணாடியை மறக்காமல் கொண்டுவாருங்கள். அப்புறம், அது பாலைப்பழக் காலம். காட்டுப் பக்கம் இருந்து வருகிறவர்கள் ஒரு பை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

செயலாளர்