கவனிக்கப்பட விரும்புவதில் வெட்கம் எதற்கு?

அன்புள்ள தம்பிக்கு,

நீ செய்யும் எதையும் ஒருவரும் கவனிப்பதில்லை என்றும், அதற்காக வருந்துவதை நினைத்தால் உனக்கே வெட்கமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். உன் வருத்தத்தைக் காட்டிலும் அந்த வெட்கம்தான் என்னை அதிகம் கலங்கச் செய்தது. தன்னை அறிந்தவனுக்குப் பிறர் பார்வை தேவைப்படாது என்ற எண்ணத்தை யாரோ உன் மனத்தில் விதைத்திருக்கிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை.

மனிதக் குழந்தை கண்ணாடியில் தெரிவது தானே என்று உணர ஏறத்தாழ ஒன்றரை வயதாகிறது. சில குழந்தைகளுக்கு இரண்டு வயதுகூட ஆகலாம். ஆனால் பிறந்த சில மாதங்களிலேயே அது தாயின் பார்வையைத் தேடத் தொடங்கிவிடுகிறது. 1970களில் எட்வர்ட் டிரோனிக் என்ற உளவியலாளர் நடத்திய சோதனையில், குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாய் சட்டென்று எந்த உணர்ச்சியும் காட்டாத முகத்தோடு அமர்ந்திருப்பார். குழந்தை முதலில் சிரித்தும் கைநீட்டியும் அவரைத் திரும்ப அழைக்கப் பார்க்கும். பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு சோர்ந்துவிடும். தாய் எங்கும் போய்விடவில்லை, எதிரிலேயேதான் இருக்கிறார். மறுமொழி மட்டும் இல்லை, அதையே அந்தப் பிஞ்சு தாங்கவில்லை. ஆக, ‘நான்’ என்ற அறிவு தெளிவதற்கு முன்பே கவனிக்கப்பட வேண்டும் என்ற தேவை வந்துவிடுகிறது.

கார்டன் கேலப் என்ற உளவியலாளர் சிம்பன்சிகளிடம் கண்டதும் இதற்கு அருகில்தான் நிற்கிறது. கண்ணாடிக்குப் பழகிய சிம்பன்சிகள், மயக்கத்தில் இருந்தபோது தம் புருவத்தில் பூசப்பட்ட சாயத்தைப் பின்னர் கண்ணாடியில் கண்டு தொட்டுப் பார்த்தன. தம் இனத்தோடு பழகாமல் தனியே வளர்க்கப்பட்டவையோ கண்ணாடியில் தம்மை அடையாளம் காணவில்லை. விலங்குகளை வைத்து மனிதரைப் பற்றி அதிகம் பேசுவது சரியல்ல; ஆயினும் தன்னை அறிவதற்கே பிறர் தேவை என்ற எண்ணத்தை இது எனக்குள் உறுதிப்படுத்தியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டில் வெளியான, தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளரின் குழு நடத்திய ஆய்வில், கூச்சம் தரும் படமிட்ட சட்டையணிந்து அறைக்குள் நுழைந்த மாணவர்கள், அங்கிருந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று எண்ணினார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்பங்கு அளவே. பிறர் உன்னைப் பாராமல் போவதை உன் தகுதிக்கான தீர்ப்பாக நீ எடுத்துக்கொள்ளும்போது, அவரவர் கவனம் அவரவரிடமே சிக்கிக் கிடப்பதை மறந்துவிடுகிறாய். நீ யாரைக் கவனிக்காமல் கடந்தாய் என்றும் ஒருமுறை எண்ணிப் பார்.

பலருடைய பாராட்டை எண்ணிக்கொண்டிருப்பதால் இந்தத் தேவை தீராது என்பது என் கருத்து. எண்ணிக்கை கூடலாம், உன்னை இன்னாரென்று அறிந்து, நீ செய்ததில் எது கடினமாக இருந்தது என்று கேட்கும் ஒருவரின் கவனத்துக்கு அது ஈடாகாது. அப்படிப்பட்டவரிடம் நீயே வாய்விட்டுச் சொல்லலாம்; கேட்டுப் பெற்ற கவனம் மட்டமானது என்று நான் நினைக்கவில்லை.

சென்ற கடிதத்தில் உன் வேலையை ஒரே வரியில் முடித்துவிட்டாய். அடுத்த கடிதத்தில் அதை விரிவாக எழுது. எங்கே தடுமாறினாய், எதைத் திருத்தினாய், எந்த இடம் உனக்கே பிடித்திருந்தது என்பதெல்லாம் எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அக்கா