கெடிலக் கரையின் கதையை ஊருக்குச் சொல்லுங்கள்: கடலூர் மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கும், ஆணையர் அவர்களுக்கும், மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தேவனாம்பட்டினத்தைப் பற்றியும் அங்கே கடலில் சேரும் கெடிலம் ஆற்றைப் பற்றியும் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாதி ஊர் அங்குள்ள சில்வர் பீச்சில்தான் இருக்கிறது. சுண்டல் வாங்கித் தின்று, பிள்ளைகளை அலையில் கால் நனைக்கவிட்டு, இருட்டியதும் வீடு திரும்புகிறோம். அதே கரையில், ஆற்று முகத்துவாரத்தை ஒட்டி, ஒரு காலத்தில் ஆங்கிலேயரின் சென்னை மாகாணத்துக்கே தலைமையிடமாக இருந்த கோட்டை நின்றது. பாடப்புத்தகத்தில் ராபர்ட் கிளைவைப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அவர் இந்த மணலில் நடந்தவர் என்று சொல்ல ஆளில்லை.

புனித டேவிட் கோட்டை அது. 1690-ல் செஞ்சியில் இருந்த மராத்தியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. அப்போது மதராஸ் ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். கோட்டையோடு சுற்றுப்புற நிலமும் சேர்த்துத்தான் பேரம். எதுவரை நிலம்? கோட்டையிலிருந்து பீரங்கி வெடித்தால் குண்டு எட்டும் தூரம்வரை. இதற்காகவே மதராஸிலிருந்து பீரங்கியும் அதை இயக்கத் தெரிந்த ஆளும் வந்தார்கள். நாலா திசையிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊரெல்லாம் கம்பெனிக்குச் சொந்தமாயின. அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. குண்டு உப்பலவாடிக்காரர்கள் இன்றைக்கும் தங்கள் ஊர்ப் பெயரில் அந்த நாளைச் சுமந்துகொண்டிருக்கிறார்கள். உழுதுகொண்டிருந்தவர்களையும் வலை பின்னிக்கொண்டிருந்தவர்களையும் ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு குண்டு அவர்களுக்கு எஜமானரை மாற்றிவிட்டது. இதைவிடத் தெளிவாக காலனி ஆட்சியை ஒரு பிள்ளைக்கு விளக்க முடியுமா என்று தெரியவில்லை.

1746-ல் மதராஸ் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது, மாறுவேடத்தில் தப்பிய கிளைவ் வந்து சேர்ந்த இடம் இதுதான். கம்பெனியின் எழுத்தராக இருந்தவர் இங்கே வந்த பிறகுதான் பட்டாளத்தில் சேர்ந்தார். 1752 வரை மாகாண நிர்வாகம் இங்கிருந்தே நடந்தது. 1756-ல் கிளைவ் இதே கோட்டைக்குத் தலைவராகத் திரும்பினார். அந்த ஆண்டே கல்கத்தா வீழ்ந்த செய்தி வர, இங்கிருந்து கிளம்பி வங்காளம் போனார். மறு வருஷம் அங்கே பிளாசிப் போரில் வென்றார். 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். மூன்றே ஆண்டில் ஆங்கிலேயர் புதுச்சேரிக் கோட்டையைத் தரைமட்டமாக்கிப் பழி தீர்த்துக்கொண்டார்கள்.

இவ்வளவும் சொன்னாலும், கோட்டையை மட்டும் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கம்பெனிக்கு முன்பே, 1608-ல், டச்சுக்காரர்கள் செஞ்சி நாயக்கரிடம் அனுமதி பெற்று இங்கே பண்டகசாலை வைக்க வந்தார்கள். எல்லோரும் தேடி வந்தது நம் நெசவாளர்களின் துணியை. கப்பல் கரைக்கு வராது. ஆழ்கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். இந்தக் கடற்கரை நெடுகிலும் அலையை வெட்டிக்கொண்டு மூட்டைகளையும் மனிதர்களையும் ஏற்றி இறக்கியவை மசூலா படகுகள். பலகைகளை ஆணி அடிக்காமல் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதினால் உடையாமல் வளைந்து கொடுக்கும். அந்தப் படகைத் தைத்த கையும் தள்ளிய தோளும் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. கிளைவின் பெயருக்குக் கொடுக்கிற இடத்தைவிட அந்தப் படகுக்கு அதிக இடம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

கோட்டைக்கு ஆயிரம் ஆண்டு முன்னதாகவே இந்த ஆற்றங்கரை பேர் பெற்றது. திருப்பாதிரிப்புலியூர் அன்றைக்குச் சமணர்களின் பெரிய கல்விக் கூடம். பாடலிகா என்ற ஊரில், பல்லவன் சிம்மவர்மன் காலத்தில், கி.பி. 458-ல் எழுதி முடித்த லோகவிபாகம் என்ற சமண நூலில் பூஜ்ஜியத்தோடு கூடிய இடமதிப்பு எண்முறை கையாளப்பட்டிருக்கிறது. அந்தப் பாடலிகா நம் திருப்பாதிரிப்புலியூர்தான் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். உலகக் கணித வரலாற்றில் இடம்பெறும் ஓர் ஊரின் ரயில் நிலையத்தில் நாம் தினமும் இறங்கி ஏறுகிறோம். அந்தச் சமண மடத்தில் தருமசேனராக இருந்து சைவத்துக்குத் திரும்பிய அப்பரை, கல்லோடு கட்டிக் கடலில் போட்டார்கள் என்றும் அவர் கல்லே தெப்பமாக மிதந்து கரை சேர்ந்தார் என்றும் மரபு சொல்கிறது. அவர் ஏறிய கரை கரையேறவிட்டகுப்பம். அங்கே சித்திரையில் விழா எடுக்கிறோம். கெடிலம் முன்பு அந்தப் பக்கமாகத்தான் ஓடியது, பிறகு தடம் மாறியது என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

இந்த ஆற்றை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்துக்கு வர வேண்டும். திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீஸ்வரர் வருவார். திருவந்திபுரத்துப் பெருமாள் வருவார். பெயர்கூடத் தெரியாத சின்னச் சின்னக் கிராமத்து அம்மன்கள் டிராக்டரிலும் மாட்டு வண்டியிலும் வந்து மணலில் வரிசையாக நிற்பார்கள். விடியலிலேயே தர்ப்பணம் கொடுக்க வந்தவர்கள் ஈர வேட்டியோடு எள்ளும் பச்சரிசியும் இலையில் வைத்து உட்கார்ந்திருப்பார்கள். அதே மணலில்தான் 2004 டிசம்பர் 26-ல் கடல் ஏறி வந்தது. ஆண்டுதோறும் அந்தத் தேதியில் மீனவக் குடும்பங்கள் கடலில் பால் ஊற்றி மலர் தூவுகின்றன.

நான் கேட்பது இதுதான். திருவந்திபுரத்திலிருந்து முகத்துவாரம் வரை இத்தனையையும் ஒரே ஆற்றின் கதையாகத் தொடர்ந்து சொல்லும் பலகைகளை வையுங்கள். நல்ல தமிழில், பிள்ளைகள் நின்று வாசிக்கும் உயரத்தில் இருந்தால் போதும். பளிங்கும் வண்ண விளக்கும் வேண்டாம். கோட்டையில் மிஞ்சியிருக்கும் செங்கல் சுவர்களைத் தொல்லியல் துறையை அழைத்து அளந்து, எல்லை குறித்துக் காக்க வேண்டும். ஆற்றங்கரையில் எந்தப் புதுக் கட்டுமானத்துக்கும் ஒப்புதல் தருமுன் இந்த இடங்களைக் குறித்த வரைபடத்தை மாமன்றத்தில் வைத்துப் பாருங்கள். ஆற்றில் குப்பையும் கழிவுநீரும் கலப்பதை நிறுத்தாமல் வைக்கிற பலகை வீண் செலவாகிவிடும். அதனால் அந்த வேலை முதலில் நடக்கட்டும்.

இன்னொன்றுக்கு அதிகப் பணம் தேவையில்லை, ஆனால் காலம் கடத்த முடியாது. தேவனாம்பட்டினத்து மூத்த மீனவர்களுக்குத் தெரிந்த கதைகளை, முகத்துவாரம் எந்தெந்த வருஷம் எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை, புயலுக்கு முந்தைய காற்றின் குறிகளை அவர்கள் பேச்சிலேயே பதிவு செய்யுங்கள். பக்கத்திலேயே பெரியார் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. வரலாற்று மாணவர்களிடம் இந்தப் பணியைக் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வார்கள்.

முதல் பலகையைக் கரையேறவிட்டகுப்பத்தில், வரும் சித்திரை விழாவுக்கு முன்னால் வைக்க முடியுமா என்று அடுத்த மாமன்றக் கூட்டத்தில் பேசி முடிவு சொல்லுங்கள். பலகைக்கு வாசகம் எழுதவும், எழுதியதைச் சரிபார்க்கவும் நானும் என்னைப் போன்ற பலரும் சம்பளம் கேட்காமல் வருவோம்.

நன்றியுடன்,
கடலூர் புதுநகர்வாசி ஒருவர்