ஊராட்சி அலுவலகச் சாய்தளம்: இன்னும் 62,000 ரூபாய் வேண்டும்

ஊர்ப் பெரியவர்களுக்கும் வெளியூரில் இருக்கும் சொந்தங்களுக்கும் வணக்கமுங்க.

சாய்தள வேலைக்கு நம் பங்கை ஆவணி கடைசிக்குள் கட்டியாக வேண்டும். 62,000 ரூபாய் குறைகிறது.

நம் ஊராட்சிக் கட்டடம் அப்பாரு காலத்தில் எழும்பியது. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்து நாலு காசு பார்த்ததும், வீட்டுக்கு ஒரு ஆள் வந்து, மாட்டு வண்டியில் கல் ஏற்றிக் கட்டினார்கள். மழைத் தண்ணீர் ஏறக்கூடாதென்று 3 அடி உயர்த்தி, 5 கல்படி வைத்தார்கள். இன்றும் சுவரில் ஒரு விரிசல் கிடையாது.

அதே படியில்தான் போன சித்திரையில், இளம்பிள்ளை வாதம் வந்த நம் ஊர்ப் பெண் ஒருத்தி, உச்சி வெயிலில் கொதிக்கும் கல்மேல் துண்டை மடித்துப் போட்டுப் போட்டு, கையூன்றி ஏறினாள், வீட்டு வரி கட்ட. பார்த்து நின்ற எங்களுக்கு நெஞ்சு ஆறவில்லை.

கவர்மென்ட் செய்ய வேண்டியதுதானே என்பீர்கள். நியாயம்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது, அதன் விதிகள் 2017-ல் வந்தன. பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய, விதிகள் வந்த நாளிலிருந்து கொடுத்த 5 வருடக் கெடு 2022-லேயே முடிந்தது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் இரண்டு தடவை மனுக் கொடுத்த பிறகு, ஊர் மக்களும் ஒரு பங்கு போடும் நமக்கு நாமே திட்டத்தில் எடுத்திருக்கிறார்கள். மதிப்பீடு 6,00,000. மூன்றில் ஒரு பங்கு, 2,00,000, நம்முடையது. வந்தது 1,38,000.

ஒரு சரிவுக்கு இத்தனையா என்று கேட்டவர்களுக்கு: 1 அடி ஏற 12 அடி நீளம் வேண்டும், அப்படியென்றால் 3 அடிக்கு 36 அடி, நடுவில் நின்று போக ஒரு சமதளம், இருபுறமும் கைப்பிடி, அப்புறம் சக்கர நாற்காலி உள்ளே திரும்பும் அகலத்தில் ஒரு கழிப்பறை. பைக் ஏற்றுகிற மாதிரி செங்குத்தாகப் போட்டால் நாற்காலி பின்பக்கம் கவிழும்.

இதுவரை கொடுத்த எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறோம். ஒரு நாள் கூலியை அப்படியே கொடுத்த விசைத்தறிக்காரர்கள், மஞ்சள் விற்ற கையோடு வந்து கட்டிப்போனவர்கள், திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து மாதாமாதம் அனுப்பும் பிள்ளைகள், உண்டியலை உடைத்துக் கொடுத்த பள்ளிக் குழந்தைகள், நூறு நாள் வேலைச் சம்பளத்தில் 500 ரூபாயை முந்தானையில் முடிந்து வந்து கொடுத்த அம்மாயி, நீங்களெல்லாம் நல்லா இருக்கோணும்.

கொடுக்காதவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். மாரியாத்தா கோவில் கும்பாபிஷேகத்துக்கு ஒரே வாரத்தில் லட்சக்கணக்கில் குவித்த ஊர் இது. அந்த ஆத்தாளின் பிள்ளைதானே படியில் தவழ்ந்தவளும்? நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் நாளைக்கு முட்டி மடங்காதுங்க.

தினமும் சாயங்காலம் 6 மணிக்கு மேல் கோவில் திடலில் பொருளாளர் இருப்பார். 100 ரூபாயானாலும் ரசீது உண்டு. வரவு செலவு முழுவதும் அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

இப்படிக்கு,
சாய்தளக் கமிட்டியார்