சிலையைப் பார்க்கப் பட்டம் எதற்கு என்று கேட்டவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் மதுரைக்காரர் ஒருவர், கல்லூரியில் தத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்கு அழகையும் ரசனையையும் ஆராய்கிற அழகியல் என்று ஒரு தாள் இருப்பதைக் கேலி செய்து எழுதியிருந்தார். கோயிலுக்குப் போகிறோம், சிலையைப் பார்க்கிறோம், பிடித்தால் இரண்டு நிமிடம் நிற்கிறோம், இல்லாவிட்டால் நகர்கிறோம். இதற்கு ஒரு பாடம், ஒரு பரீட்சை, ஒரு பட்டம் வேறா என்பது அவர் கேள்வி. கிண்டலாகக் கேட்டிருந்தாலும் நல்ல கேள்விதான். பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். நான் விளாச்சேரியில் மண் பொம்மை செய்கிற வீட்டில் பிறந்து, அதே தொழில் செய்கிற வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். நடுவில் பி.ஏ. தத்துவம் படித்தேன்.

தத்துவத்தை நான் தேடிப் போய்ச் சேரவில்லை. என் பிளஸ் டூ மார்க்குக்கு காமர்ஸ் கிடைக்கவில்லை, தத்துவத்தில் இடம் காலியாக இருந்தது, அவ்வளவுதான். படித்ததால் வேலை கிடைத்ததா என்றால், இல்லை. படிக்காமல் இருந்தாலும் இன்றைக்கு இதே பொம்மையைத்தான் செய்துகொண்டிருப்பேன். ஆகவே இந்தப் படிப்பு சோறு போடும் என்று வாதாட நான் வரவில்லை.

வாசகர் "பிடித்தால்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாரே, விஷயமே அங்கேதான் இருக்கிறது. எங்கள் பட்டறையில் ஒரே அச்சில் எடுத்த மீனாட்சி பொம்மைகள் வரிசையாக நிற்கும். ஒரே கண்மாய் மண், ஒரே சூளை, ஒரே பச்சை வர்ணம். கொலுவுக்கு வாங்க வருகிற அம்மாக்கள் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு "இதுலதான் களை இருக்கு" என்பார்கள். விலை படியாமல் அவர் வைத்துவிட்டுப் போனால், அடுத்து வருகிறவர் கையும் பெரும்பாலும் அதே பொம்மைக்குத்தான் போகும்.

எந்தப் பொம்மை முதலில் போகும் என்று என் மாமனாருக்கு முன்கூட்டியே தெரியும். கண் எழுதுவது அவர்தானே. சேலைக்கும் நகைக்கும் வீட்டில் யார் வேண்டுமானாலும் வர்ணம் தீட்டலாம், கண் மட்டும் கடைசியில், அவர் கையால். மேல் இமைக் கோட்டை மூக்குப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஒரே இழுப்பில் இழுப்பார். கருவிழியை நட்டநடுவில் வைக்க மாட்டார். மேல் இமையில் லேசாக ஒட்டினாற்போல் வைப்பார். நடுவில் வைத்தால் அம்மன் முறைக்கிற மாதிரி ஆகிவிடும், கீழே இறங்கினால் தூக்கக் கலக்கம் வந்துவிடும். எல்லாம் ஒரு மயிரிழை வித்தியாசம்தான்.

அந்தக் களை பொம்மையில் இருக்கிறதா, பார்க்கிற அம்மாவின் மனதில் இருக்கிறதா? பொம்மையில் இருக்கிறது என்றால் ஏன் சிலர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை? மனதில் இருக்கிறது என்றால் முன்பின் பழக்கமில்லாத இரண்டு பேர் ஏன் ஒரே பொம்மைக்குக் கை நீட்டுகிறார்கள்? அழகியல் தாளில் முதல் பாடமே இந்த வழக்குதான்.

ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1757இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் பழைய ஸ்பானியக் கதை ஒன்றை எடுத்துச் சொல்வார். ஒரு பீப்பாய் மதுவை இரண்டு பேரிடம் கொடுத்துச் சுவை பார்க்கச் சொல்கிறார்கள். நல்ல மதுதான், ஆனால் லேசாகத் தோல் வாடை அடிக்கிறது என்கிறார் ஒருவர். இன்னொருவர், இல்லை, இரும்பு ருசி தட்டுகிறது என்கிறார். கூடியிருந்தவர்கள் சிரிக்கிறார்கள். பீப்பாய் காலியானபோது அடியில் தோல்வார் கட்டிய பழைய சாவி ஒன்று கிடக்கிறது. ரசனை ஆளுக்கு ஆள் மாறத்தான் செய்யும், ஆனாலும் நிறையப் பார்த்து, ஒப்பிட்டு, ஓரவஞ்சனை இல்லாமல் பழகிய கண்ணும் நாக்கும் சொல்வதற்கு ஒரு மதிப்பு உண்டு என்பது ஹியூம் கட்சி. மாமனாரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது "நம்ம ஆளுதான் போல" என்றார்.

ஜெர்மன் தத்துவவாதி கான்ட் இதோடு விடவில்லை. 1790இல் வந்த அவருடைய நூலில், அழகைக் கண்டு வரும் மகிழ்ச்சிக்கு ஆதாயமோ ஆசையோ காரணமாக இருக்கக் கூடாது என்கிறார். எனக்கு வேண்டும், எனக்குப் பயன்படும் என்ற நினைப்பு கலந்தால் அது சுத்தமான ரசனை இல்லையாம். அப்படி இருந்துகொண்டே, எனக்கு அழகாகத் தெரிவது உனக்கும் தெரிய வேண்டும் என்று எல்லோரிடமும் எதிர்பார்க்கிறோமாம்.

எங்களுக்கு அழகியல் எடுத்தவர்களில் பெரும்பாலோர் நோட்ஸ் சொல்லி எழுதவைத்தவர்கள்தான். பிளேட்டோ அரைப் பக்கம், அரிஸ்டாட்டில் அரைப் பக்கம், கான்ட் ஒன்றரைப் பக்கம். ஒரே ஒரு மேடம் மட்டும் இந்த இடம் வந்ததும் என்னைப் பார்த்து, "வீட்டிலிருந்து ஒரு பொம்மை எடுத்துட்டு வாம்மா" என்றார். வகுப்பில் பத்துப் பேர்கூட இருக்க மாட்டோம். மேசை மேல் பொம்மையை வைத்து ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். கொலுவில் வைத்துக் கும்பிடுகிற பொம்மையை ஆசை இல்லாமல் எப்படிப் பார்ப்பது? மீனாட்சி கோயில் கம்பத்தடி மண்டபத்துக் காளி மேல் வெண்ணெய் உருண்டை எறிந்து கும்பிட்ட சனம் அந்தச் சிற்பத்தைப் பார்க்கவே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? கும்பிடப் போனவர் கண்ணில்தான் அந்தக் காளி ஆடுகிறாள், கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்க்கிறவருக்கு அது கல் என்றான் ஒருவன். அவனுக்கு மேடம் பதிலே சொல்லவில்லை, போர்டில் எழுதிப் போட்டார்.

அன்றைக்கு நான் பேசியது அய்யனார் கோயில் புரவியை, அதாவது நேர்ந்துகொண்டு வைக்கிற மண் குதிரையைப் பற்றி. கான்ட் அழகை இரண்டாகப் பிரிக்கிறார். பூவையும் கிளியையும் பார்க்கும்போது இது எதற்காக என்ற கேள்வி குறுக்கே வருவதில்லை. குதிரையும் கட்டடமும் அப்படி இல்லை. குதிரை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற நினைப்பு முன்னாலேயே வந்து நின்றுகொள்ளும். அவரே குதிரையை உதாரணமாகச் சொல்லியிருக்கிறார், நான் இழுத்து வரவில்லை. சரி, எங்கள் புரவியை அவர் முன்னால் நிறுத்துவோம். கால் நாலும் தூண் மாதிரி இருக்கும். பச்சை மண் உடம்பைத் தாங்க வேண்டும், சூளையில் வெடிக்காமல் நிற்க வேண்டும், அதற்காக உள்ளே கூடாக விட்டு வனைந்த தூண்கள். கண் பிதுங்கி, பல் வரிசை தெரிய வாய் திறந்திருக்கும். குதிரை ஏறிப் பழகியவர் பார்த்தால் இந்தக் காலை வைத்துக்கொண்டு பத்தடி ஓடுமா என்று கேட்பார். ஓடாதுதான். புரவியைக் கோயிலுக்குக் கொண்டுபோகிற புரவி எடுப்புத் திருவிழா அன்றைக்கு அதைத் தோளில் சுமக்கிற இளவட்டங்கள்தான் ஓடுகிறார்கள். அதன் வேலை நிற்பது. ஊர் எல்லையில் இருட்டிய பிறகு அதன் முன்னால் போய் நின்று பாருங்கள், காலைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வராது. குதிரைக்கு உரிய இலக்கணத்தை ஒவ்வொன்றாக மீறித்தான் அந்த உருவம் தன் காரியத்தைச் சாதித்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஊர்க்காரர்கள் பிடிமண், அதாவது ஒரு கைப்பிடி மண், கொடுத்த பிறகுதான் மண் வேலை செய்கிற வேளார் புரவி செய்ய ஆரம்பிப்பார். திருவிழா அன்று கண் திறப்பு. கோயிலில் கொண்டுபோய் நிறுத்தியதோடு சரி, அப்புறம் மழையும் வெயிலும் அதன் பாடு. காது உடைந்தால் யாரும் ஒட்ட மாட்டார்கள். அடுத்த எடுப்புக்குப் புதுப் பிடிமண், புதுப் புரவி. இப்படி விட்டுவிடுவதற்காகவே செய்த பொருளைக் கொண்டுபோய் அருங்காட்சியகத்தில் விளக்குப் போட்டு, தொடாதே என்று எழுதி வைத்தால் அது அதே பொருள்தானா? 1917இல் மார்செல் துஷாம்ப் என்ற பிரெஞ்சுக் கலைஞர் கடையில் வாங்கிய சிறுநீர்க் கலம் ஒன்றை நியூயார்க் கண்காட்சிக்கு அனுப்பி, இது கலையா இல்லையா என்று உலகத்தையே சண்டை போட வைத்தார். நூறு வருடமாக அந்தச் சண்டையைப் பாடப் புத்தகங்கள் விடாமல் சொல்கின்றன. அதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிற கேள்வி மேலூர்ப் பக்கத்துக் கோயில்களில் வாய் பிளந்து நிற்கிறது. எந்தத் தாளிலும் நான் அதைப் படிக்கவில்லை.

என் ஆதங்கம் இங்கேதான். தமிழ்த் துறைப் பிள்ளைகள் தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் படிக்கிறார்கள். அடுத்த கட்டடத்தில் தத்துவத் துறைப் பிள்ளைகள் கான்ட் படிக்கிறார்கள். இரண்டும் ஒரே விஷயத்தைப் பேசுகின்றன என்று இரு பக்கத்துக்கும் யாரும் சொல்வதில்லை. மெய்ப்பாடு, அதாவது மனதில் எழும் உணர்ச்சி உடம்பில் தெரிவது, எட்டு. அதில் ஒன்றான மருட்கை, அதாவது வியப்பு, எதனால் வரும் என்றால், "புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு" என்று நான்கைச் சொல்கிறார் தொல்காப்பியர். ஆளைத் திகைக்க வைப்பது என்று வரும்போது கான்ட் அளவிறந்த பெருமையையும் பேராற்றலையும்தான் பேசுகிறார். மலையும் புயலும் கடலும்தான் அவருக்கு உதாரணம். தொல்காப்பியரோ பெருமைக்குப் பக்கத்திலேயே சிறுமையையும் வைத்திருக்கிறார். கட்டைவிரல் உயரத்தில் செய்கிற பல்லக்குத் தூக்கிகளைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளக்கிறவர்களை வருடா வருடம் பார்க்கிற எனக்கு, இந்த இடத்தில் தொல்காப்பியர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. நான்காவதான ஆக்கம், ஒன்று வேறொன்றாக மாறி வருவது. களிமண் அம்மனாகிற தொழிலில் இருப்பவளுக்கு அதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கு இந்தச் சுவர் இருந்ததில்லை. விளாச்சேரியில் 1870இல் பிறந்த பரிதிமாற் கலைஞர் தமிழோடு தத்துவமும் படித்தவர். நாடகம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இலக்கணமாக 1897இல் 'நாடகவியல்' எழுதினார். தமிழைச் செம்மொழி என்று சொல்லச் சொன்னவர் என்று எல்லோருக்கும் தெரியும். கலை இலக்கணம் எழுதியவர் என்பதை அவர் நினைவில்லத்துக்கு வருகிறவர்களில்கூட யாரும் என்னிடம் பேசியதில்லை.

இப்போது என் நாத்தனார் மகள் ஒரு கல்லூரியில் தத்துவம் படிக்கிறாள். ஆள் குறைவு என்று அழகியலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு திறன் மேம்பாட்டுத் தாள் வைத்துவிட்டார்களாம். பயோடேட்டா எழுதுவது எப்படி, பவர்பாயிண்ட் போடுவது எப்படி என்று நடக்கிறது. அதுவும் வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதை போனில் வீடியோ பார்த்தே அவள் கற்றுக்கொள்வாள். எதிர்ப்பக்கம் ஒருவன் நின்று "அது வெறும் கல்லு" என்று சொல்ல, இவள் பதில் தேட, அதற்கு வகுப்பறை வேண்டும்.

கல்லூரிகளை நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. தாளை எடுக்காதீர்கள். தமிழ்த் துறையையும் தத்துவத் துறையையும் அந்த ஒரு தாளுக்காவது ஒன்றாக உட்கார வையுங்கள். "கான்டின் அழகியல் கொள்கையைச் சுருக்கமாக விவரி" என்பதோடு, ஏதாவது ஒரு பொருளை நேரில் போய்ப் பார்த்து அதை வைத்துக் கான்டோடு மோது என்றும் ஒரு கேள்வி வையுங்கள், இன்டர்னல் மார்க்கிலாவது. மதுரையில் இருந்துகொண்டு பார்க்கப் பொருள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆயிரங்கால் மண்டபத்துக்கு டவுன் பஸ்ஸில் போய்விடலாம்.

கேள்வி கேட்ட வாசகருக்கும் ஒரு வார்த்தை. பிடித்தால் நிற்கிறோம் என்று எழுதினீர்கள். எது பிடித்தது, ஏன் பிடித்தது, பக்கத்தில் நிற்கிறவருக்கு ஏன் பிடிக்கவில்லை என்று வீட்டுக்கு வரும் வழியில் ஒருமுறையாவது தர்க்கம் பண்ணியிருப்பீர்கள். அந்தத் தர்க்கத்துக்குத்தான் பாடம்.

வகுப்பை எங்கள் பட்டறைக்குக் கூட்டிவர நினைக்கிற ஆசிரியர்கள் தாராளமாக வரலாம். ஆடியில் வந்தால் அச்சில் எடுப்பதிலிருந்து பார்க்கலாம், ஆவணிக்கு மேல் வந்தால் மாமனார் கண் எழுதுவதைப் பார்க்கலாம், கேள்வி கேட்டால் வேலையை நிறுத்தாமலேயே பதில் சொல்வார். நவராத்திரிக்கு முந்தின பத்து நாள் மட்டும் வேண்டாம். பட்டறையில் கால் வைக்க இடம் இருக்காது.

இப்படிக்கு,
பொம்மைத் தொழில் செய்யும் வாசகி,
விளாச்சேரி, மதுரை.