குளச்சல் மச்சில் கிடந்த ஆறறைத் தோக்கு

தக்கலை
ஐப்பசி 22

அன்புள்ள கூட்டுக்காரனுக்கு,

உன் கடிதமும் போட்டோக்கள் பதினொன்றும் கிடைத்தன. இங்கே துலா மழை விட்டபாடில்லை. குளச்சலில் மழையோடு உப்புக்காற்றும் சேர்ந்திருக்கும். பழைய இரும்புக்கு இதைவிடக் கெட்ட காலம் கிடையாது. அதனால் மற்ற விசேஷங்களைப் பின்னால் வைத்துக்கொண்டு, உன் வீட்டு மச்சில் கிடந்த அந்தத் தோக்கை, ஆறு அறைக் கைத்துப்பாக்கியை, பற்றி மட்டும் இப்போதே எழுதுகிறேன்.

வயது என்ன என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன்னால் ஒன்று. உள்ளே மருந்து கெட்டித்திருக்கிறதா, அதாவது திணித்து வைத்திருக்கிறதா, என்று பார்த்தாயா? நாலாவது போட்டோவில் பையன் ஒருவன் விசையில் விரல் வைத்துக்கொண்டு நிற்கிறான். தயவுசெய்து அது இனி வேண்டாம். கரிமருந்து உலர்ந்து கிடந்தால் நூற்றைம்பது வருஷம் கழித்தும் பற்றும். அந்தக் காலத்தில் தோக்கைக் கெட்டித்தே மச்சில் வைப்பது சாதாரணம்.

பார்க்கிற முறை எளிது. வாய்ப்பக்கம் ஆளில்லாத திசையைப் பார்த்து இருக்கட்டும். சிலிண்டர் என்பது ஆறு அறைகளோடு சுழலும் உருளை. அதன் பின்பக்கத்தில் ஆறு முலை மாதிரி நீட்டிக்கொண்டிருப்பவைதான் நிப்பிள். அவற்றில் எதிலாவது செம்பு நிறத்தில் சின்னத் தொப்பி மாட்டியிருந்தால், அது வெடிக்காத கேப், அத்தோடு நிறுத்திவிடு. கேப் இல்லையென்றால் நல்ல தென்னை ஈர்க்கு ஒன்று எடு. உன் தோக்கில் குழல் மறைப்பது மேலே இருக்கும் ஓர் அறையை மட்டும். மற்ற அறைகளின் வாய் முன்னால் திறந்தே தெரிகிறது. ஒவ்வொன்றிலும் ஈர்க்கை மெதுவாக விட்டு, முட்டின இடத்தில் நகத்தால் அடையாளம் வைத்து அளவு எடு. மேல் அறைக்குக் குழல் வழியே ஈர்க்கை விட்டு, குழலின் நீளத்தைக் கழித்துக்கொள். பிறகு சிலிண்டரின் வெளி நீளத்தையும் எடு. வெளி நீளம் 48 மில்லிமீட்டர் என்றால், பின்சுவரின் கனம் போக உள்ளே 38 அளவில் ஆழம் இருக்க வேண்டும். ஓர் அறையில் மட்டும் 25தான் வருகிறது என்றால் அதில் மருந்தும் குண்டும் இருக்கிறது. ஆறும் ஒரே அளவு வந்தால் ஆறும் காலி என்று எண்ணிவிடாதே, ஆறிலும் கெட்டித்திருக்கலாம். அதனால்தான் வெளி நீளத்தோடு ஒப்பிடச் சொல்கிறேன். சந்தேகம் வந்தால் அத்தோடு நிறுத்திவிடு. குண்டைத் தோண்டி எடுக்கிற வேலை உனக்கு வேண்டாம். போலீஸ் ஆயுதப்படையில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரர் இருப்பார், அது அவர் வேலை.

இனி வயதுக்கு வருகிறேன். திருவிதாங்கூர் வேலுத்தம்பி தளவாய் காலத்துத் தோக்கு என்று வீட்டில் சொல்லி வருகிறார்களாம். வாங்க வந்த வியாபாரி இன்னும் ஒரு படி மேலே போய் உதயகிரிக் கோட்டையில் வார்த்தது என்றாராம். இரண்டையும் அந்த நிப்பிள் ஒன்றே தள்ளிவிடுகிறது. தட்டினால் வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் வழிக்கு ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஃபோர்சைத் காப்புரிமை வாங்கியது 1807-ல். நிப்பிள்மேல் மாட்டுகிற செம்புத் தொப்பி புழக்கத்துக்கு வந்தது 1820-களில்தான். தளவாய் மறைந்தது 1809-ல். உதயகிரியில் பீரங்கி வார்க்க ஏற்பாடு செய்த திருவிதாங்கூர்ப் படைத்தலைவர் டிலனாய் அதற்கும் முன்னே, 1777-ல் இறந்து அங்கேயே அடக்கமாகியிருக்கிறார். அவர்கள் காலத்துத் தோக்கில் சிக்கிமுக்கிக் கல் இருக்கும், நிப்பிள் இருக்காது. வீட்டுப் பெரியவர்களிடம் இதை மெல்லச் சொல். அவர்கள் பொய் சொல்லவில்லை. பழசு என்றாலே நம் பக்கத்தில் அந்தப் பெயர்தான் முதலில் நாக்கில் வரும்.

வயது கணிக்க ஒரே ஒரு விதியைக் கடைசிவரை விடாதே. ஒரு தோக்கில் எது மிகப் புதுசோ, அந்த உறுப்பு ஆரம்பத்திலிருந்தே அதில் இருந்தது என்றால், அதுதான் வயதைச் சொல்லும். மிகப் பழைய உறுப்பைப் பார்த்து வயது போட்டால் தப்பும். இந்த வகையில் அந்தத் தப்பு இன்னும் சுலபமாக நடக்கும். ஏனென்றால் இது பாதி பழைய வகை, பாதி புது வகை.

பழைய பாதி எது என்றால், மேலே படுத்திருக்கும் அந்தப் பட்டையான சுத்தியல். விசையை இழுத்தால் சுத்தியல் தானே எழும்பும், சிலிண்டர் ஓர் அறை நகரும், சுத்தியல் விழும். எல்லாம் ஒரே இழுப்பில். இது அப்படியே பெப்பர்பாக்ஸ் பிஸ்டலின் இயந்திரம். பெப்பர்பாக்ஸ் என்பது ஐந்தாறு குழல்களை ஒரு கொத்தாகச் சேர்த்து மொத்தத்தையும் சுழலவிட்டது. கனம் முழுக்க முன்னால் போய்விடும், சுத்தியல் பார்வையை மறைக்கும், குறி பார்க்கவே முடியாது. அந்தக் கொத்தைக் குட்டையாக்கி, மருந்து இருக்கிற அளவுக்கு மட்டும் சிலிண்டராக வைத்து, முன்னால் ஒரே ஒரு நீளக் குழலைப் பொருத்தினால் உன் தோக்கு வந்துவிடும். சேகரிப்பவர்கள் இதை டிரான்சிஷனல் ரிவால்வர் என்பார்கள். நாம் இடைக்கால ரிவால்வர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெயர் பிற்காலத்தில் வந்தது. செய்தவர்கள் பெருமையாகக் குழலில் வெட்டியது ‘இம்ப்ரூவ்டு ரிவால்வர்’ என்றுதான். உன் ஏழாவது போட்டோவில் எண்பட்டைக் குழலின் மேல்முகத்தில் மங்கலாகத் தெரிகிற எழுத்தும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

‘குழல் ஒரு மில்லிமீட்டர் ஆடுகிறது, யாரோ ஒட்டுப் போட்டிருக்கிறார்கள்’ என்று எழுதியிருக்கிறாய். ஆட்டத்தை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்டாதே. இந்த வகையின் பிறவிக்குறை அது. சிலிண்டரின் நடுவே பின்னாலிருந்து வருகிற அச்சு முன்னால் நீண்டு, குழலின் அடிக்கட்டையில் நுழைந்திருக்கும். குறுக்கே ஓர் ஆப்போ திருகோ பிடித்திருக்கும். மேலே குழலையும் பின்பகுதியையும் இணைக்கிற இரும்புச் சட்டம் கிடையாது. பலதில் கீழேயும் கிடையாது. ஒவ்வொரு வெடியும் குழலை அச்சின்மேல் நெம்பும், துளை விரியும், ஆட்டம் வரும். இந்தக் குறையைத் தீர்த்தது 1851-ல் லண்டனில் ஆடம்ஸ் காப்புரிமை வாங்கிய ரிவால்வர். சட்டமும் குழலும் ஒரே இரும்பில் அடித்தது. அதே வருஷம் ஹைட் பார்க்கில் நடந்த பெரிய கண்காட்சியில் அமெரிக்கர் கோல்ட்டின் ரிவால்வரும் ஆடம்ஸின் ரிவால்வரும் எதிரெதிரே நின்றன. அதற்குப் பிறகு இடைக்கால வகைக்கு மதிப்புக் குறைந்தது. ஆனால் விலை மலிவு என்பதால் சில வருஷம் விற்றுக்கொண்டிருந்தது.

மேல் எல்லை அப்படி வருகிறது. கீழ் எல்லைக்கும் ஒரு காரணம் இருக்கிறது. கோல்ட் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியது 1835 கடைசியில். அந்நாளில் அதற்கு ஆயுள் 14 வருஷம். 1849-ல் அது முடிந்ததும், சிலிண்டரை இயந்திரத்தால் சுழற்றிப் பூட்டுகிற வேலையைப் பர்மிங்காம் பட்டறைகள் பயமில்லாமல் எடுத்துக்கொண்டன. ஆக, உன் தோக்கு 1849-க்கும் 1855-க்கும் நடுவில். நிப்பிள்களுக்கு இடையில் சின்னச் சின்னத் தடுப்புச் சுவர் இருப்பதால் பிந்தின பக்கமாகவே வைப்பேன். அந்தத் தடுப்பு எதற்கு என்றால், ஒரு கேப்பின் தீ பக்கத்துக் கேப்புக்குத் தாவாமல் இருக்க. பெப்பர்பாக்ஸில் தாவினால் பக்கத்துக் குண்டு தன் குழல் வழியே போய்விடும். இதில் அந்தக் குண்டுக்குக் குழல் இல்லை. அடிக்கட்டையில் மோதும், கை போகும். அடிபட்டுக் கற்றுக்கொண்ட பிறகு செய்த திருத்தம் அது.

முத்திரைகளில் எச்சரிக்கையாக இரு. சிலிண்டரில் நீ பார்த்த கிரீடமும் குறுக்குச் செங்கோல்களும் பர்மிங்காம் சோதனைச் சாலையின் அடையாளம். செங்கோல் இடைவெளியில் பி, சி, பி என்று இருந்தால் வெடித்துச் சோதித்தது, வி இருந்தால் கண்ணால் பார்த்துத் தேறியது. ஆறு அறையிலும் இவை மாறி மாறி வரும். ஆனால் இந்த முத்திரை 1813 முதல் 1904 வரை ஓடியது. ஊரைச் சொல்லும், வருஷத்தைச் சொல்லாது. முட்டை வடிவக் கோட்டுக்குள் இ, எல், ஜி என்று மூன்று எழுத்தும் கீழே நட்சத்திரமும் இருந்தால் அது பெல்ஜியத்து லியேஜ். அதன்மேல் கிரீடம் இருந்தால் 1893-க்குப் பிந்தினது. உன்னுடையது அதுவல்ல. சட்டத்தில் லண்டன் கடைப்பெயர் ஏதாவது வெட்டியிருந்தாலும் செய்தவர் பெயர் என்று எழுதாதே. பர்மிங்காமில் செய்து, விற்கிற கடைக்காரன் பெயரை வெட்டிக்கொடுப்பதுதான் அன்றைய வழக்கம்.

உண்மையில் உன்னைப் பயமுறுத்த வேண்டியது வேறு. பெப்பர்பாக்ஸை அறுத்து, எங்கிருந்தோ ஒரு குழலை மாட்டி இடைக்கால ரிவால்வர் என்று விற்பது உண்டு. முத்திரை குழற்கொத்தின் பின்பக்கத்தில் இருப்பதால் அறுத்த பிறகும் அது சிலிண்டரில் தங்கிவிடும், பார்க்கிறவன் ஏமாறுவான். எனவே சிலிண்டரை விட்டுவிட்டுக் குழலைப் பார். குழலுக்கும் தனி முத்திரை இருக்க வேண்டும், பெரும்பாலும் அடிப்பக்கத்தில். சிலிண்டரின் முன்வாயைச் சுற்றிச் சித்திர வேலையின் கரைக்கோடு முழுதாக ஓடுகிறதா, பாதிப் பூவில் அறுந்து நிற்கிறதா என்று பார். அறுந்து நின்றால் அறுத்ததுதான். பட்டறையில் பொருத்துகிறவன் குழல், சிலிண்டர், அச்சு, சட்டம் எல்லாவற்றிலும் ஒரே எண்ணோ ஒரே மாதிரி அரக்கோடோ போட்டிருப்பான். அவை ஒத்துப்போகின்றனவா என்று பார். கடைசியாக, எல்லா அறையும் காலி என்று உறுதியான பிறகு மட்டும், குழலின் உள்விட்டத்தைவிட 0.2 மில்லிமீட்டர் மெலிந்த மரக்குச்சி ஒன்றைக் கடைசலில் கொடுத்து வாங்கு. குழல் வழியாக விட்டால் அறைக்குள் தட்டாமல் போக வேண்டும். ஒன்றிரண்டில் லேசாகத் தட்டினால் தேய்மானம். ஆறிலும் ஒரே பக்கம் தட்டினால் அந்தக் குழல் இந்தச் சிலிண்டருக்குப் பிறந்ததல்ல.

உள்விட்டம் 9.8 மில்லிமீட்டர் என்று வெர்னியரில் எடுத்திருக்கிறாய். சரியாக இருக்கிறது. அவர்கள் அளவை இஞ்சில் சொல்லாமல், ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை குண்டு வரும் என்ற கணக்கில் சொன்னார்கள். 54 குண்டு என்றால் 11.2 மில்லிமீட்டர், 80 என்றால் 9.8, 120 என்றால் 8.6. உன்னுடையது ‘எண்பது போர்’; போர் (bore) என்பது இந்தக் குண்டுக் கணக்கின் பெயர். அறையின் வாய் அதைவிட நூலிழை கூடுதலாக இருந்தால் நல்ல அறிகுறி.

முத்திரையைப் படிக்க உப்புத்தாளைத் தொடவே தொடாதே. முகப்பவுடரை விரலால் லேசாகத் தடவித் துடைத்து, டார்ச்சை இரும்போடு இரும்பாகப் படுக்கவைத்து ஒளி விடு. குழியெல்லாம் வெள்ளையாக எழும்பும். கோலமாவு வேண்டாம், அதில் கல்பொடி இருந்தால் கீறிவிடும். குத்துவிளக்கு மாதிரி புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கலாமா என்று வீட்டில் கேட்டார்களாம். கூடாது. அந்தக் காப்பி நிறப் பூச்சு நூற்றெழுபது வருஷத்தில் தானாக வந்தது. ஒரு மத்தியானத்தில் போய்விட்டால் திரும்ப வராது, முத்திரையின் விளிம்பும் அதோடு போகும். தேங்காய் எண்ணெயும் ஆகாது. சிக்குப் பிடித்துக் காறி, செம்பு கலந்த இடத்தில் பச்சை படரும். தையல் மெஷின் எண்ணெயைப் பழைய வேட்டித்துணியில் தொட்டுத் தடவினால் போதும். தோல் உறையில் வைக்காதே, தோல் ஈரத்தை இழுத்து வைக்கும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வை. மழை முடிகிறவரை பையை மாதம் ஒருமுறை மாற்று. நிப்பிளைக் கழற்றப் பார்க்காதே, துருவில் இறுகிக் கழுத்தோடு ஒடியும்.

இனி அரசாங்கச் சட்டம், கவனமாகக் கேள். 1959 ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவில் பழம்பொருள் ஆயுதத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் பழசாக இருந்தால் மட்டும் போதாது. பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடப் பயன்படாது என்ற நிலை வேண்டும். உன்னுடையதில் இயந்திரம் இன்னும் ஓடுகிறது. அதனால் நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் போட்டோவோடு மனு கொடுத்து, எழுத்தில் பதில் வாங்கி வை. நூறு வருஷம் தாண்டின பொருள் 1972 பழம்பொருள் சட்டத்திலும் வரும்; தனியாள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கூரியரில் போட்டுவிடலாம் என்கிற வியாபாரியோடு பேச்சை முறித்துக்கொள்.

அடுத்த தபாலில் மூன்று போட்டோ அனுப்பு: குழலின் அடிப்பக்கம், சிலிண்டரின் முன்வாய், அச்சு குழலில் நுழைகிற இடம். மூன்றிலும் பக்கத்தில் ஸ்கேல் இருக்கட்டும். குழலில் முத்திரை தெரிந்தால், சீட்டில் ‘பர்மிங்காம், இடைக்கால ரிவால்வர், 80 போர், சுமார் 1850–55’ என்று எழுதிக்கொள். தெரியாவிட்டால் கரைக்கோடு என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஈர்க்கு அளவை மட்டும் தபாலுக்குக் காத்திருக்காமல் இன்றே போன் பண்ணிச் சொல்.

உன் பழைய கூட்டுக்காரன்